ஹோட்டலில் 17 வாரம்: டிரெய்னி மனநிறைவோடு வெளியே வர என்னென்ன நடக்க வேண்டும்

இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங் (படிப்பின் நடுவே ஹோட்டலில் நின்று பெறும் பயிற்சி) முடிந்து வகுப்புக்குத் திரும்பும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு அணியாகப் பிரிந்திருப்பார்கள். ஒரு அணிக்குப் பட்டம் வாங்கும்வரைகூடப் பொறுமை இருக்காது, இன்றைக்கே யூனிஃபார்ம் கொடுத்தால் போட்டுக்கொள்ளும். இன்னொரு அணி வங்கித் தேர்வுக்குப் புத்தகம் வாங்கத் தொடங்கியிருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை என்பார்கள் ஆசிரியர்கள். ஸ்டைபண்ட் (பயிற்சிக்கால உதவித்தொகை) இல்லை, பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள் என்பார்கள் மாணவர்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒரே ஹோட்டலில், ஒரே ஸ்டைபண்டுக்கு, ஒரே ஷிஃப்டில் நின்ற இரண்டு பேர் ஏன் எதிரெதிராகப் பேசுகிறார்கள் என்பதற்கு இரண்டிலுமே விடை இல்லை.

அந்த இரண்டு பேரையும் உட்கார வைத்து விவரம் கேட்டால் வித்தியாசம் இரண்டு இடத்தில் தெரியும். ஒன்று, முதல் வாரம் செய்த வேலையையே நாலாவது வாரமும் செய்தாரா, இல்லை வேலை மேலே ஏறியதா. இரண்டாவது, செய்ததைப் பார்த்து 'இது சரி, இது தப்பு' என்று சொல்ல அந்தத் துறையில் ஒருவராவது இருந்தாரா. ஹாக்மன், ஓல்டாம் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970களிலேயே வேலைத் திருப்தியை ஐந்தாகப் பிரித்துச் சொன்னார்கள்: பலவகைத் திறமைக்கு இடம், தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு முழு வேலை, அந்த வேலையால் பிறருக்குப் பயன், சொந்தமாக முடிவெடுக்கக் கொஞ்சம் சுதந்திரம், செய்தது எப்படி என்ற தகவல். அந்தப் பட்டியலில் சம்பளம் இல்லை. டிரெய்னியைப் பொறுத்தவரை இந்த ஐந்தில் முழு வேலையும் தகவலும்தான் முதலில் காணாமல் போகின்றன. கட்டில் விரிக்க ஒருவர், பாத்ரூமுக்கு ஒருவர், சரிபார்க்க வேறொருவர் என்று போனால் ஒரு அறையை 'நான் செய்தேன்' என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு எதுவும் மிஞ்சாது.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சென்னை தரமணி, திருச்சி துவாக்குடி போன்ற அரசு நிறுவனங்கள் பின்பற்றும், ஹோட்டல் மேனேஜ்மென்டுக்கான தேசிய கவுன்சிலின் பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் பல ஆண்டுகளாக இருந்து வந்த ஏற்பாடு இது: இரண்டாம் ஆண்டில் 17 வாரம், வாரத்துக்கு 6 நாள், மொத்தம் 102 நாள். கிச்சன், எஃப் அண்ட் பி சர்வீஸ் (உணவும் பானமும் பரிமாறும் துறை), ஹவுஸ்கீப்பிங் (அறைப் பராமரிப்பு), ஃப்ரன்ட் ஆபீஸ் (வரவேற்பு) நான்கிலும் ஏறக்குறைய நான்கு நான்கு வாரம். ஹோட்டல் எழுதித் தரும் அப்ரைசலுக்கு (மதிப்பீட்டுத் தாளுக்கு) 20 சதவீத மதிப்பெண், கல்லூரியில் குழுமுன் தரும் செமினாருக்கும் அறிக்கைக்கும் 80. தனியார் கல்லூரிகளிலும் டிப்ளமோ படிப்புகளிலும் வாரக் கணக்கு மாறும், ஆனாலும் சட்டகம் இதேதான். கல்லூரிக்கும் ஹோட்டலுக்கும் உள்ள கடிதத்தில் 'நான்கு துறை' என்று ஒரு வரி இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். 'பயிற்சி அளிக்கப்படும்' என்று மட்டும் இருந்தால், எட்டு வாரம் பேங்க்வெட்டில் (விருந்து மண்டபப் பிரிவில்) தட்டு துடைத்துவிட்டு வந்த மாணவர் யாரிடமும் நியாயம் கேட்க முடியாது.

ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது

எல்லோரும் பார்ப்பது நட்சத்திரம். பார்க்க வேண்டியது, எத்தனை அறைக்கு எத்தனை டிரெய்னி. 200 அறை உள்ள ஹோட்டலில் ஆறேழு கல்லூரிகளிலிருந்து 80 டிரெய்னிகள் இருந்தால் அது பயிற்சிக் கூடம் இல்லை, சம்பளமில்லாத ஆள்பலம். 90 அறை உள்ள நான்கு நட்சத்திர பிசினஸ் ஹோட்டலில் 15 பேர் இருந்தால் பெரிய பெயர் இல்லாவிட்டாலும் கை வைத்து வேலை கற்கலாம். இந்த எண்ணிக்கையை ஹெச்.ஆரிடம் நேரடியாகக் கேட்பதில் தப்பில்லை. பதில் வராவிட்டால் போன வருஷம் அங்கே போன சீனியரிடம் கேளுங்கள், சரியாகவே சொல்வார்.

சீனியரிடம் 'ஹோட்டல் எப்படி அண்ணா?' என்று கேட்டால் 'சூப்பர்டா' என்றோ 'வேஸ்ட்' என்றோதான் பதில் வரும். அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: ராஸ்டர் (ஷிஃப்ட் அட்டவணை) எந்தக் கிழமை ஒட்டுவார்கள்? ஃப்ரன்ட் ஆபீஸ் நாலு வாரத்தில் எத்தனை நாள் நிஜமாகவே லாபியில் நின்றீர்கள்? வார விடுப்பு ரத்தானால் வேறு நாள் கொடுத்தார்களா? டிரெய்னிங் மேனேஜர் மாதத்தில் ஒருமுறையாவது கூப்பிட்டுப் பேசினாரா? இரவு 11 மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்கு வண்டி உண்டா? சாப்பாடு டியூட்டி நேரத்துக்கு மட்டுமா, விடுப்பு நாளிலும் உண்டா?

காலமும் முக்கியம். ஜூலையில் தொடங்கும் அணி ஆடியின் மந்தத்தைப் பார்த்துவிட்டு ஆவணி முகூர்த்தங்களில் நேராகப் போய் விழும். டிசம்பர் அணிக்கு மார்கழியில் கல்யாணம் இல்லையே என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அலுவலக விருந்துகள் முடிந்து மூச்சு விடுவதற்குள் தை வந்துவிடும். சென்னையில் பெரிய விருந்து மண்டபம் உள்ள ஹோட்டல் என்றால் முகூர்த்த நாட்களில் எந்தத் துறையில் இருந்தாலும் பேங்க்வெட்டுக்கு இழுக்கப்படுவோம் என்பதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. ஊட்டி, கொடைக்கானலில் ஏப்ரல், மே மாதங்களில் ஆள் போதாது, மழைக்காலத்தில் அறைகள் காலி. காலி ஹோட்டலில் உடம்பு நோகாது, ஆனால் நாலு வாரம் ஃப்ரன்ட் ஆபீஸில் நின்றும் ஒரு குரூப் செக்-இன் கூடப் பார்க்காமல் வர நேரும். ஈ.சி.ஆர். பக்கத்து ரிசார்ட்களில் வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை நெரிசல், செவ்வாய் புதனில் காற்று வாங்கும். தங்குமிடம் உள்ளேயே கிடைப்பதால் செலவு குறைவு. அதே காரணத்தால் 'ஆள் இங்கேதானே இருக்கிறான்' என்று எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள்.

ஸ்டைபண்ட் விஷயத்தில் தொகையைத் தனியாகப் பார்க்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, மாதம் 5,000 ரூபாய் கொடுத்து, தங்குமிடம் தராத நகர ஹோட்டலில் பி.ஜி.க்கு 7,000, பயணத்துக்கு 1,500 என்றால் மாதம் 3,500 கையைக் கடிக்கும். 2,000 மட்டும் தந்து தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் உள்ள இடத்தில் கடிக்காது. இத்துடன் தொடக்கச் செலவையும் சேர்க்க வேண்டும்: இரண்டு செட் ஷெஃப் கோட், கறுப்பு பேன்ட், சர்வீஸ் யூனிஃபார்ம், முக்கியமாக ஷூ. ஷூவில் மிச்சம் பிடிக்கும் பிள்ளைகள்தான் இரண்டாம் வாரமே குதிகால் வலியோடு மாத்திரை தேடுவார்கள். வழுக்காத அடிப்பாகம், மூடிய முன்பக்கம், அரை அளவு கூடுதல். நாள் முழுக்க நின்றால் பாதம் வீங்கும், காலையில் கச்சிதமாக இருக்கும் ஷூ மாலையில் கடிக்கும்.

ஹவுஸ்கீப்பிங்: மனக்குறை அதிகம், பாடமும் அதிகம்

வீட்டில் படுக்கையைக்கூட மடிக்காத பிள்ளை, ஊரார் கழிப்பறையைக் கழுவ வேண்டியிருக்கிறதே என்று மனம் சுருங்கும் இடம் இது. பெற்றோர் ஃபோன் செய்து திட்டுவதும் இந்த நாலு வாரத்தில்தான். ஆனால் 'முழு வேலை' என்பது டிரெய்னிக்கு மிகச் சுலபமாகக் கிடைக்கக்கூடிய துறையும் இதுதான், ஏனென்றால் ஒரு அறை என்பது தொடக்கமும் முடிவும் உள்ள வேலை.

அனுபவமுள்ள ரூம் அட்டென்டன்ட் ஒரு ஷிஃப்டில் 14 முதல் 16 அறை செய்வார். செக்-அவுட் ஆன அறைக்கு 30 நிமிடத்துக்கு மேல் எடுத்தால் அவர் கணக்கு உதைக்கும். டிரெய்னி சேர்ந்தால் வேகம் கூடும் என்றுதான் சூப்பர்வைசர் நினைப்பார். உண்மையில் முதல் வாரம் வேகம் குறையும். அதனால்தான் அட்டென்டன்ட் 'நீ பில்லோ கவர் மட்டும் மாத்து தம்பி' என்று ஒதுக்கிவிடுவார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அவருடைய கோட்டா அப்படி.

வேலை வரிசையைக் காரணத்தோடு கற்றுக்கொண்டால் இந்த ஒதுக்கல் சீக்கிரம் தீரும். தட்டி, 'ஹவுஸ்கீப்பிங்' என்று சொல்லி, இடைவெளி விட்டு மூன்று முறை. திரையை விலக்கி, விளக்கு, ஏசி, டிவி வேலை செய்கிறதா என்று பார்த்து, குப்பையும் அழுக்கு லினனும் (விரிப்பு, துண்டு) வெளியே. குப்பைத் தொட்டிக்குள் கை விட்டு அமுக்கக் கூடாது, சவரத் தகடும் ஊசியும் அதற்குள்தான் இருக்கும். அடுத்து படுக்கைக்குப் போகாமல் பாத்ரூமுக்குப் போய் மருந்தைத் தெளித்துவிட வேண்டும், அது ஊறுவதற்குச் சில நிமிடம் தேவை. அந்த நேரத்தில் படுக்கை: மேட்ரஸ் புரொடெக்டர், அடி விரிப்பு, மூலைகளை 45 டிகிரி மடிப்பில் இறுக்குவது, டூவே (மெத்தைப் போர்வை). விரிப்பை உதறும்போது தூசி பறக்கும் என்பதால் தூசி துடைப்பது படுக்கைக்குப் பிறகு, கதவிலிருந்து ஒரே திசையில் சுற்றி வர வேண்டும். பிறகு பாத்ரூமை முடித்து, சோப், தண்ணீர் பாட்டில், துண்டு வைத்து, கடைசியாக உள்ளிருந்து வாசலை நோக்கி வாக்குவம். வாசலில் நின்று திரும்பி ஒரு பார்வை.

சொதப்பும் இடங்களும் பழக்கமானவைதான். இந்திய ஹோட்டல்களில் அதிகம் புழங்கும் டாஸ்கி துப்புரவு மருந்து வரிசையில் ஆர்-1 பாத்ரூமுக்கு, ஆர்-2 பொதுவான பரப்புகளுக்கு, ஆர்-3 கண்ணாடிக்கு, ஆர்-4 மரச்சாமானுக்கு, ஆர்-6 கழிப்பறைக் கோப்பைக்கு. ஆர்-6 அமிலம். கறை போக வேண்டுமே என்று அதை மார்பிளில் ஊற்றிய டிரெய்னியால் தரை வெளுத்துப்போனால் மெருகு போட்டால்தான் திரும்பும். அதை ப்ளீச்சிங்குடன் கலந்தால் குளோரின் வாயு வரும், சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. கையுறை கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்க வேண்டும், வெட்கப்பட வேண்டாம். இன்னொன்று, விருந்தினர் பயன்படுத்திய துண்டால் டம்ளரைத் துடைப்பது. நேரம் மிச்சம் என்று பழையவர்கள் சிலர் கற்றுக்கொடுப்பார்கள். அதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

வாரக் கணக்கில் இதை எப்படி ஏற்றுவது? முதல் வாரம் அட்டென்டன்டோடு சேர்ந்து. இரண்டாம் வாரம் அவர் செக்‌ஷனில் இரண்டு அறை முழுதும் டிரெய்னியுடையது, அவர் பார்த்துச் சொல்வார். மூன்றாம் வாரம் நான்கு ஐந்து அறை, சூப்பர்வைசர் சரிபார்ப்பார். நாலாம் வாரம் சூப்பர்வைசரோடு நடந்து மற்றவர் செய்த அறையைச் சரிபார்ப்பது, கன்ட்ரோல் டெஸ்க்கில் ரூம் ஸ்டேட்டஸ் அறிக்கையை ஃப்ரன்ட் ஆபீஸ் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது. ஹவுஸ்கீப்பிங் 'காலி' என்கிறது, ஃப்ரன்ட் ஆபீஸ் 'ஆள் இருக்கிறார்' என்கிறது என்றால் பில் கட்டாமல் போன ஸ்கிப்பரா, இரவு அறைக்கு வராமல் வெளியே தங்கிய ஸ்லீப்-அவுட்டா என்று தேடுவது எப்படி என்பதெல்லாம் அந்த டெஸ்க்கில்தான் தெரியும். இந்த ஏணியை ஒரு தாளில் எழுதி முதல் நாளே துறைத் தலைவரான எக்ஸிக்யூடிவ் ஹவுஸ்கீப்பரிடம் 'மேடம், இப்படிப் பழக முடியுமா?' என்று காட்டிய மாணவருக்குப் பெரும்பாலும் முழுசாக இல்லாவிட்டாலும் பாதியாவது கிடைக்கும். எழுதிக் கேட்கும் டிரெய்னி அபூர்வம் என்பதால் மறுக்க அவருக்கே கூச்சமாக இருக்கும்.

கிச்சன்

கனவோடு வருபவர்கள் அதிகம் இருப்பதால் ஏமாற்றமும் இங்கேதான் அதிகம். 'ஷெஃப் ஆகலாம்னு வந்தேன், மூணு வாரமா வெங்காயம் உரிக்கிறேன்.' உரிக்கத்தான் வேண்டும். கமி (தொடக்கநிலைச் சமையல்காரர்) வேலையின் அடித்தளம் மிசான்ப்ளாஸ் (சமைக்கும் முன் எல்லாவற்றையும் தயார் செய்து வைப்பது), அதில் பாதி உரிப்பதும் நறுக்குவதும்தான். ஆனால் உரிப்பதிலும் கற்க இருக்கிறது. 10 கிலோ வெங்காயத்தை உரிக்கும் முன்னும் பின்னும் தராசில் வையுங்கள். தோலும் நுனியும் போக ஏறக்குறைய 8.5 முதல் 9 கிலோ நிற்கும். கொள்முதல் விலை கிலோ 40 என்றால் 400 ரூபாய்க்கு 8.5 கிலோ, அதாவது உரித்த வெங்காயம் கிலோ 47. இதே கணக்கைக் கோழி, மீன், கொத்தமல்லி என்று ஒவ்வொன்றாகப் போட்டு வைத்தால் ஒரே வாரத்தில் லாக் புக்கில் (தினசரிப் பயிற்சிக் குறிப்பேட்டில்) யீல்ட் அட்டவணை (கழிவு போக மிஞ்சும் அளவு) தயார். செமினாரில் குழுவின் முன் வைக்க இதைவிட நல்ல சரக்கு இல்லை. சூ ஷெஃப் (தலைமை ஷெஃபுக்கு அடுத்தவர்) கண்ணில் அது பட்டால் கார்ட்மான்ஜேவுக்கோ (குளிர் உணவுப் பிரிவு) பேக்கரிக்கோ மாற்றச் சொல்லும் வாய்ப்பும் உண்டு.

வெட்டுக்காயத்துக்குக் காரணம் பெரும்பாலும் கத்தியின் கூர்மை இல்லை, நழுவும் பலகை. பலகைக்கு அடியில் ஈரத்துணி விரிக்க வேண்டும். சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்கு நேர்மாறு: ஈரமாக இருந்தால் சூடு ஏறி நீராவியாகிக் கையைச் சுடும், உலர்ந்த துணி வேண்டும். பலகை நிறங்கள் பச்சை இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், காய்கறிக்குப் பச்சை, சமைத்த இறைச்சிக்கு மஞ்சள், பால் பொருளுக்கும் பேக்கரிக்கும் வெள்ளை என்பது பரவலான வழக்கம். ஹோட்டலுக்கு ஹோட்டல் சிறிது மாறலாம் என்பதால் சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்துக்கொள்ளவும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை ஆபத்து மண்டலம். சமைத்ததை ஆறவைக்கும்போது 60லிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். பெரிய அண்டாவில் அப்படியே கோல்ட் ரூமுக்குள் தள்ளினால் நடுவில் இருக்கும் குழம்பு இந்தக் கணக்கில் ஒருநாளும் குளிராது, ஆழமில்லாத தட்டுகளில் பிரிக்க வேண்டும். தேதி ஸ்டிக்கர் இல்லாத டப்பாவைப் பார்த்தால் சிடிபியிடம் (அந்தப் பிரிவின் பொறுப்பு ஷெஃபிடம்) சொல்ல வேண்டும், தானே ஒரு தேதி எழுதி ஒட்டக் கூடாது.

எஃப் அண்ட் பி சர்வீஸும் பேங்க்வெட்டும்

டிரெய்னி என்றாலே 'வைப்பிங்' (தட்டு, ஸ்பூன் துடைப்பது) என்று ஆகிவிட்டது. தண்ணீரில் உப்பு அதிகமென்றால், காய்ந்ததும் ஸ்பூனில் வெள்ளைப் புள்ளி நிற்கும். சூடான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு முக்கி, நூல் உதிராத துணியால், கைப்பிடியை மட்டும் பிடித்துத் துடைத்தால் போகும். ஒரு நாள் பழகினால் போதும், மாதக் கணக்கில் துடைக்க அதில் ஒன்றுமில்லை.

பேங்க்வெட்டிலிருந்து தப்ப முடியாது என்றால் அதிலிருந்து பாடத்தைப் பிடுங்கிக்கொள்வதுதான் வழி. ஒவ்வொரு விருந்துக்கும் எஃப்.பி. என்று ஒரு தாள் வரும், ஃபங்ஷன் பிராஸ்பெக்டஸ். அதில் உறுதி செய்த எண்ணிக்கை, எதிர்பார்க்கும் எண்ணிக்கை, மெனு, மேஜை அமைப்பு, பில் யார் பெயரில் எல்லாம் இருக்கும். பிரீஃபிங் முடிந்ததும் ஐந்து நிமிடம் அதைப் படிக்கக் கேளுங்கள். ஆறு அடி வட்ட மேஜைக்குப் பத்து நாற்காலி என்றால் 400 பேருக்கு 40 மேஜை, அத்தனை விரிப்பு லினன் ரூமிலிருந்து முந்தைய நாளே வர வேண்டும், வராவிட்டால் யாரைக் கேட்பது என்று நூல் பிடித்துக்கொண்டே போகலாம். சேஃபிங் டிஷ்ஷில் (உணவைச் சூடாக வைக்கும் பஃபே பாத்திரம்) பச்சைத் தண்ணீர் ஊற்றி அடியில் எரிபொருள் டப்பாவைக் கொளுத்தினால் தண்ணீர் சூடாவதற்குள் பிரியாணி ஆறிவிடும். வெந்நீர்தான் ஊற்ற வேண்டும், ஒரு அங்குலம் போதும். இதைச் சொல்லாமலே விட்டுவிட்டு உணவு ஆறியதற்கு டிரெய்னியைத் திட்டும் கேப்டன்கள் (பரிமாறுபவர்களின் மேற்பார்வையாளர்கள்) உண்டு.

எண்ணி வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: உங்கள் துறை வாரத்தில் எத்தனை நாள் பேங்க்வெட்டுக்குப் போனீர்கள். நாலு வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்றால் ஹோட்டல் தொழிலே அப்படித்தான். பத்து நாளைத் தாண்டினால் கல்லூரி ஒருங்கிணைப்பாளர் பேச வேண்டிய விஷயம்.

ஃப்ரன்ட் ஆபீஸ்

பலருக்குப் பிடித்த துறை, ஆனால் பெரும்பாலும் பெல் டெஸ்க்கோடு (பெட்டி தூக்கும் பிரிவோடு) நின்றுவிடும். ஓபரா மாதிரியான ஹோட்டல் மென்பொருளுக்கு டிரெய்னிக்கு லாகின் தர மாட்டார்கள், விருந்தினரின் தனித்தகவல் அதில் இருக்கிறது. யாராவது ஊழியர் 'என் பாஸ்வேர்டில் போட்டுடு' என்று சொன்னால் செய்யாதீர்கள். பில்லில் பிழை வந்தால் அவர் பெயரும் கெடும், உங்கள் பெயரும் கெடும். லாகின் இல்லாமலே கற்க நிறைய இருக்கிறது. காலையில் அச்சடிக்கும் அரைவல் பட்டியலை வாங்கி யார் எத்தனை மணிக்கு, எந்தக் கட்டணத்தில், என்ன சிறப்புக் குறிப்போடு வருகிறார் என்று படிப்பது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையவழிப் படிவம் (2025 வரை 'ஃபார்ம் சி') போக வேண்டும், அதற்கு பாஸ்போர்ட், விசாவின் எந்தப் பக்கங்கள் தேவை என்று பார்ப்பது. இரண்டு இரவாவது நைட் ஆடிட்டரோடு (அன்றைய கணக்கை இரவில் முடிப்பவர்) இருப்பது.

120 அறையில் 90 விற்று, அறை வருமானம் 5,40,000 ரூபாய் என்றால் ஆக்குபன்சி (விற்ற அறைகளின் விகிதம்) 75 சதவீதம், ஏ.ஆர்.ஆர். (விற்ற ஒரு அறைக்குச் சராசரி கட்டணம்) 6,000, ரெவ்பார் (மொத்த அறைகளில் ஒன்றுக்கு வருமானம்) 4,500. இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்தவர்கள் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், நிஜ ஹோட்டலின் நேற்றைய எண்ணை வைத்துப் போட்டவர்கள் மறப்பதில்லை. நிஜ எண்களை லாக் புக்கில் எழுதும் முன் மேலாளர் அனுமதி வேண்டும். சதவீதத்தை மட்டும் வைத்து எழுதினால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

லாக் புக்

தினமும் எழுத வேண்டும் என்று எல்லாக் கல்லூரியும் சொல்கிறது. கடைசி வாரம் உட்கார்ந்து 102 நாளையும் நாலு பேனாவில் மாற்றி மாற்றி எழுதும் வழக்கமும் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. ஒரு நாளுக்கு நாலு வரி போதும்: ஷிஃப்ட் நேரமும் உண்மையில் வெளியேறிய நேரமும், இன்று புதிதாகச் செய்தது, தப்பாகப் போனதும் ஏன் என்பதும், யாரிடம் கற்றேன். வாரக் கடைசியில் சூப்பர்வைசர் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்காக அவர் இரண்டு நிமிடம் புத்தகத்தைப் புரட்டும்போதுதான் உங்களைப் பற்றி அவருக்கே ஒரு கருத்து உருவாகும். அப்ரைசல் தாள் அவர் மேஜைக்கு வரும்போது 'இந்தப் பையன் யாரு?' என்று கேட்காமலிருக்க அது ஒன்றுதான் உத்தரவாதம். துறை மாறும் நாளிலேயே அந்தத் துறையின் அப்ரைசலை வாங்கிவிட வேண்டும். மூன்று மாதம் கழித்துப் போனால் அந்தத் துறைத் தலைவர் வேறு ஊருக்கு மாறியிருப்பார், வந்திருக்கும் புதியவர் எல்லாக் கட்டத்திலும் நடுவில் ஒரு டிக் போட்டுத் தருவார்.

எல்லை தாண்டும்போது

ஒன்பது மணி நேர ஷிஃப்ட், இடைவேளை உட்பட, வாரம் ஒரு விடுப்பு என்பதுதான் பொதுவான ஏற்பாடு. எப்போதாவது இரண்டு மணி நேரம் நீள்வது இந்தத் தொழிலில் சகஜம். பிரேக் ஷிஃப்டில் காலை 11 முதல் 3, மாலை 7 முதல் 11 என்று போட்டால் தாளில் எட்டு மணி நேரம், ஆனால் வீடு தூரமென்றால் நாள் முழுக்க ஹோட்டலில்தான். இப்படி வாரத்தில் இரண்டுக்கு மேல் வந்தால் கேட்கலாம். டபுள் ஷிஃப்ட் போட்டுவிட்டு மறுநாள் காலை ஆறு மணிக்கு வரச் சொல்வது ஏற்கத்தக்கதே இல்லை. தூக்கமில்லாத கை எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இதை முதலில் துறைத் தலைவரிடம், பிறகு டிரெய்னிங் மேனேஜரிடம், இரண்டு நாளில் மாறாவிட்டால் கல்லூரி ஒருங்கிணைப்பாளரிடம், தேதி, நேரத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் வராமல் நின்றுவிட்டால் வழக்கு முழுக்க மாணவர் மேல் திரும்பும். வருகைக் குறைவு என்ற ஒரே வரிதான் கோப்பில் இருக்கும்.

பாலியல் தொந்தரவு விஷயத்தில் இந்தப் படிநிலை தேவையில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'ஊழியர்' என்பதில் டிரெய்னியையும் அப்ரன்டிஸையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பத்துப் பேராவது வேலை செய்யும் எந்த ஹோட்டலிலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், தலைமை ஒரு பெண். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம், தகுந்த காரணமிருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். தொந்தரவு செய்தவர் விருந்தினராக இருந்தாலும் ஊழியரைப் பாதுகாக்கும் பொறுப்பு ஹோட்டலுக்கு உண்டு. குழுவின் உறுப்பினர் பெயர்கள் ஸ்டாஃப் நோட்டீஸ் போர்டில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து வைப்பது நல்லது. மாணவிகளை அனுப்பும் முன் எல்லாக் கல்லூரியும் இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

திருப்தியைக் கல்லூரி அளக்கும் விதம்

பயிற்சி முடிந்த பிறகு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லி ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் வரும் சராசரி எப்போதும் அழகாக இருக்கும். காரணம் எளிது. பாதியில் விட்டவர்கள் அதை நிரப்புவதில்லை. வேலைக்கு அழைப்பு கிடைத்தவர்கள் நாலுக்குக் கீழே போடுவதில்லை. செமினார் மதிப்பெண் வருவதற்கு முன்பே பெயர் எழுதிக் கொடுக்கச் சொன்னால் மிச்சமிருப்பவர்களும் வாயைத் திறப்பதில்லை.

நாலாவது வாரமும் பத்தாவது வாரமும் இரண்டு முறை கேட்டால் சரிசெய்ய நேரம் இருக்கும். கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்க வேண்டும்: போன வாரம் எத்தனை மணி நேரம் வேலை? விடுப்பு கிடைத்ததா? போன இரண்டு வாரத்தில் புதிதாக ஏதாவது செய்யக் கொடுத்தார்களா, என்ன? உங்கள் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர் யார்? அனுப்பப்பட்ட துறையில் இல்லாமல் வேறிடத்தில் எத்தனை நாள் நின்றீர்கள்? படிவம் ஹோட்டல் வழியாகப் போகக் கூடாது. பெயர் வேண்டாம் என்றாலும், ஒரு ஹோட்டலில் மூன்று பேர்தான் என்றால் யார் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும். அதனால் ஐந்து பேருக்குக் குறைவான ஹோட்டல்களின் பதில்களைச் சேர்த்தே மேலிடத்துக்குக் காட்ட வேண்டும். 'கருத்துச் சொன்னவர் யார்?' என்ற கேள்விக்கு நாலில் மூன்று பேர் காலியாக விட்டிருந்தால் அடுத்த வருஷம் அந்த ஹோட்டலுக்கு அனுப்பும் எண்ணிக்கையைக் குறைக்கலாம். நட்சத்திரம் எத்தனை என்று பார்க்கவே தேவையில்லை.

ஒருங்கிணைப்பாளர் ஒருமுறையாவது நேரில் போக வேண்டும், ஹெச்.ஆர். அறையில் காபி குடித்துவிட்டு வருவதைச் சொல்லவில்லை. ஸ்டாஃப் கேஃபட்டீரியாவில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போனால் பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

கடைசி வாரம்

சான்றிதழில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, துறைவாரியாக நாட்கள், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று ஹெச்.ஆர். மேஜையிலேயே நின்று பார்க்கவும். பெயரின் எழுத்து பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்க வேண்டும், பின்னால் வெளிநாட்டு வேலைக்கும் கப்பல் வேலைக்கும் இந்தத் தாளைக் கேட்பார்கள். யூனிஃபார்ம், நேம் பேட்ஜ், லாக்கர் சாவி, கேஃபட்டீரியா அட்டை எல்லாம் திருப்பிக் கொடுத்த கிளியரன்ஸ் தாளை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளவும், இல்லாவிட்டால் காணாமல் போன லாக்கர் சாவிக்குக் கடைசி மாத ஸ்டைபண்டில் பிடித்தம் வரும். அந்தக் கடைசி மாதத் தொகை பெரும்பாலும் அடுத்த மாதத்தில்தான் வங்கியில் ஏறும், யாரிடம் கேட்பது என்று பெயரும் எக்ஸ்டென்ஷன் எண்ணும் வாங்கிக்கொண்டு கிளம்பவும்.